பலூன் வைத்த தாடையும் பன்னீர்ச் செம்பும்

எனக்குப் பல் வைப்பதற்கு முன்னால் தாடைக்குள்ளே ஒரு பலூனை ஊத வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அந்த அறையில் பயப்படாத ஆள் நான் ஒருவன்தான். என் மனைவி கைப்பைக்குள் விபூதிப் பொட்டலத்தைத் தேட ஆரம்பித்துவிட்டாள். என் கடைசி மகள், ஆபீஸில் பெரிய பெரிய ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவள், என் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் மட்டும், "நல்ல பலூனாப் பாத்துப் போடுங்க டாக்டரம்மா" என்றேன்.

தன்னைப் பற்றித் தானே பேசக் கூடாது என்பார்கள். ஆனால் என்னைப் பற்றி என் அளவுக்கு விவரம் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லாததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, தாராவியில் மிளகாய் மூட்டை சுமந்தேன். பிறகு மிளகாய் இடிக்கிற மில்லில் வேலை பார்த்தேன். பிறகு அந்த மில்லையே வாங்கினேன். இடையில் நடந்ததை எழுதினால் அது தனிப் புத்தகம்.

மில் என்றால் என்னவோ என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நீள அறை. சுவரோரம் உலக்கை போல இரும்புத் தண்டுகள் ஏறி இறங்கும் மிஷின்கள். மழைக்காலம் வருவதற்கு முன்னால், ஒரு வருஷத்துக்கான மசாலாவை இடித்து வைத்துக்கொள்வது இங்கே மராட்டிக்காரர்கள் வீட்டு வழக்கம். பெண்கள் வறுத்த மிளகாயோடு வந்து, தங்கள் மிளகாயோடு அடுத்தவள் மிளகாய் கலந்துவிடாமல், மிஷின் பக்கத்திலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காவல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிறவன் முனையிலேயே தும்ம ஆரம்பிப்பான். போஸ்ட்மேன் தபாலைத் தூரத்திலிருந்தே வீசுவான். நான் அந்தக் காற்றில் உட்கார்ந்து டீ குடிப்பேன், பேப்பரில் படம் பார்ப்பேன், மதியத்தில் ஒரு தூக்கமும் போடுவேன். நான் கடைசியாகத் தும்மியது எப்போது என்று என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். அவளுக்கே ஞாபகம் இருக்காது.

மூக்குக்கு இருந்த யோகம் பல்லுக்கு இல்லை. வலது பக்கம் மேலே இருந்த கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. இடது பக்கம் இருக்கிறதே என்று நானும் பல வருஷம் ஓட்டிவிட்டேன். அப்புறம் கழற்றி மாட்டுகிற செட் ஒன்று செய்து கொடுத்தார்கள். அது வாயில் இருக்கும்போது நாக்குக்கு இடமில்லை. அது மட்டுமல்ல, மில்லில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுகிற ஆள் நான். ஒரு நாள் அப்படிக் கத்தினதில் செட் எகிறிப் போனது. எங்கே போனது என்று தெரியவில்லை. எல்லா இடத்திலும் தேடினோம். மறுநாள் வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி மசாலாப் பையோடு திரும்பி வந்தாள். பைக்குள் கையை விட்டு, சிவப்புப் பொடி அப்பிய என் பல்லை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "காகா, யே ஆப்கா ஹை க்யா?", இது உங்களுடையதா என்று கேட்டாள்.

என் மில்லில் எந்தப் பொருளும் தொலைந்து போகாது என்பதற்கு இதுவே சாட்சி என்று நான் சொன்னேன். அவளுக்கு அது சமாதானமாகப் படவில்லை. புதிதாக மிளகாய் வாங்கி, வறுத்து, இடித்துக் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்குச் சாயங்காலம் மகள், "அப்பா, இனிமே கழட்டற பல்லு வேண்டாம். எலும்புல ஸ்க்ரூ போட்டு வைக்கற பல்லுதான். நாளைக்கே அப்பாயின்ட்மென்ட்" என்று சொல்லிவிட்டாள். நானும் சரி என்றேன். கத்தினாலும் எகிறாத பல் என்றால், அது என் மாதிரி ஆளுக்காகவே கண்டுபிடித்ததுதான்.

மாதுங்காவில் இருந்த அந்தப் பல் டாக்டர் என் மகள் வயதுப் பெண். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுதப் படிக்க வராது என்றார். எனக்கும் அப்படித்தான் என்று தைரியம் சொன்னேன். தலையைச் சுற்றி வந்து படம் எடுக்கிற மிஷினில் என்னை நிற்க வைத்து, எடுத்த படத்தைத் திரையில் காட்டினார்.

"மாமா, இதோ பாருங்கோ. இது உங்க மேல் தாடை. இதுக்கு மேல கருப்பாத் தெரியறதே, அது மூக்கோட சேர்ந்த காத்து அறை. பல் போயிட்டா அந்த அறை கீழ இறங்கிடும். எலும்பும் கரைஞ்சுடும். இப்போ உங்களுக்கு இருக்கற எலும்புல ஸ்க்ரூ நிக்காது."

தாராவியில் மாடி எடுத்த எவனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுத் தரை. அது வெறும் பலகையாக இருந்தால் அதில் ஃபேன் மாட்ட முடியாது. "அப்ப கூரைய மேல தூக்கணும், இடைவெளிய அடைக்கணும். அம்புட்டுத்தானே?" என்றேன். டாக்டர், "ஆமாம், அதேதான்" என்றார்.

முன்பெல்லாம் ஈறைக் கிழித்து, கன்னத்துப் பக்கமாக எலும்பில் ஒரு ஜன்னல் வெட்டித்தான் உள்ளே போவார்களாம். முகம் வீங்கி, பத்து நாள் கண்ணாடி பார்க்க முடியாதாம். இப்போது பல் வரப்போகிற இடத்திலேயே சின்னத் துவாரம். அது வழியாகச் சுருங்கின பலூனை அனுப்பி, உப்புத் தண்ணீரால் மெதுவாக ஊதுவார்கள். அந்த அறையின் தரையில் ஒட்டியிருக்கிற தோல் கிழியாமல் மேலே எழும்பும். பலூனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் தூளை வைத்து மூடிவிடுவார்கள். ஆறேழு மாதத்தில் அது என் எலும்பாகவே ஆகிவிடும். அப்புறம் ஸ்க்ரூ, அப்புறம் பல்.

"அந்தத் தோல்தான் மாமா முக்கியம்" என்றார் டாக்டர். "முட்டை ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டிண்டிருக்குமே, அந்தக் கனம்தான் இருக்கும். நான் முட்டையே சாப்பிட்டதில்லை. ஆனா படிக்கறச்சே முட்டையை வெச்சுத்தான் எங்களைப் பழக்கினா."

நாள் குறிப்பதில்தான் தகராறு. என் மகளுக்கு நிச்சயதார்த்தம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. மாதுங்காவில் ஒரு சின்ன ஹால். விசேஷம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பலூன் வைத்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். டாக்டரும் அதுவே நல்லது என்றார். ஆனால் நிச்சயதார்த்தம் முடிந்ததும் மில்லில் மசாலா சீசன். அப்போது நான் இல்லாவிட்டால் மிஷின் ஓடுமா? ஓடும், ஆனால் நான் இருக்கிற மாதிரி ஓடாது. அதனால் விசேஷத்துக்கு முந்தின வாரமே முடித்துக்கொள்வது என்று நான் தீர்மானித்தேன்.

"முந்தின வாரம்னா வலிக்குமேங்க" என்றாள் மனைவி.

"வலி எனக்கா உனக்கா? தட்டு மாத்த கை போதும். தாடை எதுக்கு?"

ஆபரேஷன் அன்று ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். சின்னதாகச் சுத்தியலால் தட்டுகிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. வலியில்லை. பலூன் ஊதியதுகூடத் தெரியவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். எலும்புத் தூள் இருந்த சின்னக் கிண்ணத்தைக் காட்டச் சொல்லிக் கையைக் காட்டினேன். காட்டினார்கள். வெள்ளையாக, ரவை பதத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் நைசாகத் திரித்திருக்கலாம் என்று வாய் நிறையச் சாமான் இருந்தபடியே சொன்னேன். புரிந்துகொண்டது அந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனம். "நைசா இருந்தா ரத்தம் உள்ள ஓட வழியிருக்காது மாமா. இடுக்குல ரத்தம் போய்த்தான் எலும்பு வளரணும்" என்றார். நியாயம்தான். எல்லாப் பொடிக்கும் ஒரே பதம் ஆகாது.

எல்லாம் முடிந்து எழுந்து உட்கார்ந்த பிறகுதான் டாக்டர் அந்தச் சட்டங்களைச் சொன்னார். மூக்கைச் சிந்தக் கூடாது. உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். கடைசியாக ஒன்று.

"தும்மல் வந்தா அடக்கவே அடக்காதேங்கோ. மூக்கைப் பொத்தினா அந்தக் காத்தெல்லாம் உள்ள போய் தோலைக் கிழிச்சுடும். தூளெல்லாம் அறைக்குள்ள கொட்டி, சீழ் பிடிச்சுடும். அப்புறம் எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, மாசக்கணக்கா ஆறப்போட்டு, பழையபடி ஜன்னல் வெட்டித்தான் செய்யணும். வாயை நன்னாத் திறந்து, ஆன்னு வெளில விட்டுடுங்கோ. புரிஞ்சுதோ?"

"டாக்டரம்மா, நான் மொளகா வத்தலுக்கு நடுவுல குடும்பம் நடத்துதவன். எனக்குத் தும்மலே வராது."

"எல்லாருக்கும் வரும் மாமா."

"எல்லாருக்கும் வரும். அதத்தான் சொல்லுதேன். எனக்கு வராது."

மகள் என்னை மில் பக்கமே விடவில்லை. இப்போது நாங்கள் இருக்கிற திலக் நகர் வீட்டில் ஜன்னலைச் சாத்தி, காற்றைச் சுத்தம் செய்கிற ஒரு மிஷினை என் தலைமாட்டில் வைத்தாள். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது என் முன்னால் வந்து நிற்பாள். "அப்பா, தும்மல் பிராக்டிஸ்." நான் வாயைத் திறந்து ஆ என்று காட்ட வேண்டும். "இன்னும் பெருசா." காட்டுவேன். ஊரே என் பேச்சைக் கேட்கிறது, நான் காலை நேரத்தில் ஆ காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அந்த நல்ல காற்றுதான் என்னைக் கெடுத்தது என்று தோன்றுகிறது. வருஷக்கணக்காகக் காரத்தில் ஊறிப் பதப்பட்ட மூக்கை, ஒரு வாரம் சுத்தக் காற்றில் வைத்தால் அது பச்சைப் பிள்ளை மூக்காக மாறிவிடாதா?

மாப்பிள்ளை வீடு டோம்பிவிலி. பையன் தங்கமான பையன். அவன் அப்பாவும் நல்ல மனுஷர். எங்களுடைய பக்கத்து ஊர்க்காரர்தான். டிராம்பேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆனால் அந்த வீட்டில் செல்லுபடியாவது பையனின் அத்தை பேச்சுதான். பையனுக்கு அம்மா இல்லை, சின்ன வயதிலிருந்தே வளர்த்தது அந்த அத்தை. அவர் சொன்னால் அப்பாவும் பையனும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அவருக்குச் சகுனம் என்றால் உயிர். முன்பு வேறு ஒரு இடத்தில் இதே பையனுக்கு நிச்சயம் செய்யப் போனபோது, தட்டு மாற்றுகிற நேரத்தில் யாரோ ஒருவர் ஒற்றைத் தும்மல் தும்மிவிட்டார். அத்தை தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். ஒற்றைத் தும்மல் ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். இரட்டைத் தும்மல் நல்லது. ஒற்றையோடு நின்றால் காரியம் கெட்டது. ஆனால் அதற்காகத் தட்டோடு எழுந்து வந்தவர் என்று நான் கேள்விப்பட்டது இவரை மட்டும்தான். மகளுக்குப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு வருஷமாக ஒரே லோக்கல் ரயிலில் போய் வந்து அவர்களாகவே முடிவு செய்துகொண்டது. அத்தையைச் சம்மதிக்க வைக்கவே பையன் பாதி உயிரை விட்டிருந்தான்.

விசேஷ நாள். மாதுங்கா ஹாலில் ஏசி குளிரக் குளிர ஓடியது. நான் பட்டு வேட்டி கட்டி, புதுச் சட்டை போட்டு, வலது கன்னத்தில் லேசான வீக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். வீக்கம்கூட என்னைக் கொஞ்சம் பணக்காரனாகக் காட்டியது என்று என் மனைவியே சொன்னாள். வந்தவர்களுக்கெல்லாம் பலூன் கதையைச் சொன்னேன். "உள்ளயே இருக்கா அண்ணாச்சி?" என்று சிலர் கன்னத்தைத் தொட்டுப் பார்க்க வந்தார்கள். தொட விடவில்லை.

எதிரும் புதிருமாகப் பாய் விரித்து, இந்தப் பக்கம் நானும் மனைவியும், அந்தப் பக்கம் சம்பந்தியும் அத்தையும் உட்கார்ந்தோம். நடுவில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், பூ வைத்த தட்டுகள். மகள் எங்களுக்குப் பின்னால், பெண்கள் நடுவே அலங்காரத்தோடு இருந்தாள். பத்திரிகை வாசித்து முடித்தார்கள். சம்பந்தி தட்டைத் தூக்கினார். நானும் தூக்கினேன். சரியாக அந்த நேரத்தில், மரியாதை செய்கிறேன் என்று யாரோ பின்னாலிருந்து பன்னீர்ச் செம்பை என் தலைக்கு மேலே உதறினார்கள்.

ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது. அது பன்னீரா, சென்ட்டா, என்ன கலந்தார்களோ. ஏசிக் காற்றில் சில்லென்று மூக்குக்குள் ஏறியது. மூக்கின் அடிவாரத்தில் எறும்பு ஊர்வது போல ஒன்று கிளம்பியது. எனக்கு முதலில் அது என்னவென்றே தெரியவில்லை. பழக்கம் விட்டுப்போன விஷயம் பாருங்கள். தெரிந்தபோது அது பாதி வழி வந்துவிட்டது.

தட்டைக் கீழே வைத்தேன். எதிரே அத்தையின் கண்கள் என் மூக்கின் மேல் நின்றன. விரலால் மூக்கை அழுத்தினேன். மிளகாய்க் கிடங்கையே ஜெயித்தவன், ஒரு சொட்டுப் பன்னீரை அடக்க முடியாதா என்று ஒரு வைராக்கியம். வலது கன்னத்துக்குள்ளே, மேலே, ஏதோ விம்முகிற மாதிரி இருந்தது. முட்டைத் தோல் ஞாபகம் வந்தது. அடக்கினால் தாடை போகும். விட்டால் மகளின் கல்யாணம் போகும். தாடை போனால் போகட்டும் என்று இரண்டு விரலையும் சேர்த்து மூக்கைப் பிடித்தேன்.

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. கல்யாணப் பெண் பேசுகிற குரலில்லை. ஆபீஸ் குரல்.

"அப்பா. கைய எடுங்க. வாயத் திறங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"டாக்டர் என்ன சொன்னாங்க? வாயத் திறங்கப்பா. எது போனாலும் போட்டும்."

கையை எடுத்தேன். வாயைத் திறந்தேன். காலைதோறும் பிராக்டிஸ் செய்ததெல்லாம் வீண் போகவில்லை. எத்தனையோ வருஷத் தும்மல் ஒரே தும்மலாக வெளியே வந்தது. தட்டிலிருந்த பூ சம்பந்தியின் மடியில் போய் விழுந்தது. சமையல் கட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பின்பக்கத்தில் யாரோ வழக்கம் மாறாமல், "ஆயுசு நூறு" என்றார்கள். கர்ச்சீப்பால் வாயைத் துடைத்தேன். அதில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. நெற்றியிலிருந்து உதிர்ந்த குங்குமமா, மூக்கிலிருந்து வந்த ரத்தமா என்று தெரியவில்லை. யாருக்கும் காட்டாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அத்தை தட்டின் மேல் கையை வைத்தார். "அண்ணே, தட்டக் கீழ வைங்க" என்று சம்பந்தியிடம் சொன்னார். அவர் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒத்தத் தும்மலால்லா போச்சு அண்ணாச்சி" என்றார்.

"மதினி, அது தும்மல் கணக்குல வராது. ஆபரேஷன் கணக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்தது."

"தும்மலத் தும்மலுன்னுதான் சொல்லணும்."

"அத்தே, ப்ளீஸ்" என்றான் மாப்பிள்ளை. "மெடிக்கல் விஷயம் அத்தே இது."

"நீ சும்மா இரு. போன தடவையும் நீ இப்படித்தான் சொன்ன." அத்தை என் பக்கம் திரும்பினார். "நான் ஒண்ணும் மோசக்காரி இல்ல அண்ணாச்சி. புள்ளயப் பெத்தவ இருந்தா அவ பாத்துக்கிடுவா. இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னயத்தான் கேக்கும். அதனால சொல்லுதேன். இன்னொரு தும்மல் தும்முங்க. ரெண்டாயிரும். எழுந்திரிக்காம தட்ட மாத்திக்கிடுவோம்."

இவ்வளவுதானே என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கு மட்டும்தான் பிரச்சினை புரிந்தது. தும்மலைக் கொண்டு வருவது எப்படி என்று எனக்குத் தெரியாது. மூக்கைத் தேய்த்தேன். விளக்கைப் பார்த்தேன். பன்னீர்ச் செம்பை இன்னொரு தடவை உதறச் சொன்னேன். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

"இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்று சம்பந்தி எழுந்தார். கிச்சனுக்குப் போய், சமையல்காரரின் மிளகாய்ப் பொடி டப்பாவைக் கொண்டு வந்து என் மூக்குக்குக் கீழே திறந்து பிடித்தார்.

"அப்பா, இழுக்காதீங்க, டாக்டர் சாவடிச்சிருவாங்க" என்றாள் மகள்.

"இழுக்கல. சும்மா மோந்து பாக்கேன்."

மோந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று எனக்குத் தெரியும். மிளகாய் என் மூக்குக்கு வீட்டு மனுஷன் மாதிரி. ஆனால் வேறு ஒன்று தெரிந்தது. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன்.

"சம்பந்தி, இது போன வருஷத்து வத்தல். காம்போட சேத்து இடிச்சிருக்கான். நிறத்துக்குக் கொஞ்சம் காரமில்லாத பேட்கி மொளகா போட்டு ஏமாத்தியிருக்கான். எங்க வாங்குதாவ இத?"

"தும்முங்க சம்பந்தி."

"அதில்ல, வாசமே இல்ல பாருங்க" என்று, நிரூபிக்கிறதற்காகக் கையை நன்றாக உதறினேன்.

ஏசி என் முதுகுப் பக்கம் இருந்தது. பொடி எதிர்ப்பக்கம் போனது. முதலில் சம்பந்தி தும்மினார். கையில் டப்பா இருந்ததால் அதுவும் தும்மியது. சிவப்பாக ஒரு மேகம் எழும்பி, மாப்பிள்ளை வீட்டுப் பாய் முழுவதையும் மூடியது. மாப்பிள்ளை தும்மினான். கேமராக்காரர் தும்மினார். பிறகு எங்கள் பக்கமும் பரவியது. என் மனைவி முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்மினாள். குழந்தைகளுக்கு ஒரே கும்மாளம். ஒருவர் தும்மல் முடிவதற்குள் அடுத்தவர் ஆரம்பித்தார். அந்த ஹாலில் தும்மாமல் உட்கார்ந்திருந்தது இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று அத்தை.

அத்தை கண்ணில் நீர் வழிய, முகம் மிளகாய் நிறத்தில் இருக்க, சேலைத் தலைப்பால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். தான் தும்மி, அது ஒற்றையாக நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. எனக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. கொஞ்சம் முன்னால் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், அதுவும் அவருக்குப் பயந்து.

"மதினி, அடக்காதீங்க. கைய எடுத்துட்டு வாயத் தெறந்து விடுங்க. உள்ள காத்து அறையில ஒரு தோல் இருக்கு. முட்டத் தோல் மாதிரி. கிழிஞ்சா உங்களுக்கும் பலூன்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் தும்மல் சொன்ன பேச்சைக் கேட்கிற சாமான் இல்லை. கை விலகியது. ஒன்று. ஹாலில் இருந்த அத்தனை பேரும் தங்கள் தும்மலை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். மாப்பிள்ளை கையைக் கூப்பிவிட்டான். அத்தை வாயைத் திறந்தபடி மேலே பார்த்தார், எங்களைப் பார்த்தார், கண்ணை மூடினார். இரண்டாவதும் வந்தது. கூடவே மூன்றாவதும் வந்தது. அதை யாரும் எண்ணவில்லை. மாப்பிள்ளை அத்தனை சத்தமாகக் கை தட்டிவிட்டான்.

"மாத்துங்க, சட்டுன்னு மாத்துங்க" என்றார் அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டே. இன்னொருவர் தும்முவதற்குள் தட்டை மாற்றிக்கொண்டோம்.

சாப்பாட்டுப் பந்தியில் எல்லோருக்கும் சிரிப்பு. நான் பாதி இலையில் எழுந்தேன். பாத்ரூமில் போய்க் கர்ச்சீப்பைப் பிரித்துப் பார்த்தேன். அந்தப் பொட்டு காய்ந்து பழுப்பாகியிருந்தது. குங்குமம் அப்படிக் காயாது. மகள் கதவுக்கு வெளியே நின்றாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. கர்ச்சீப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, வளையலும் பூவுமாக அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். பன்னீர் வரைக்கும் பொறுமையாகக் கேட்டவர், மிளகாய்ப் பொடியை மோந்து பார்த்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மாமா, இந்தத் தாடைல ஒருத்தி மூணு மணி நேரம் உசிரைக் குடுத்து வேலை பண்ணியிருக்கா. அவ ஞாபகமாவது உங்களுக்கு வந்துதோ?"

நானாகவே போய் மிஷினில் நின்றேன். மிஷின் தலையைச் சுற்றியது. படம் திரையில் வர நேரமாயிற்று. என் மனைவி விபூதிப் பொட்டலத்தை இந்தத் தடவை பிரித்தே வைத்திருந்தாள். நான் மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வெட்டுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வெட்டட்டும். ஆனால் தன் கல்யாணத்தையே பணயம் வைத்து வாயைத் திறக்கச் சொன்னாளே என் மகள், அவளிடம் போய்த் தோல் கிழிந்துவிட்டது என்று எந்த முகத்தை வைத்துச் சொல்வது?

படம் வந்தது. டாக்டர் அதைப் பெரிதாக்கினார், திருப்பினார், இன்னும் பெரிதாக்கினார். காற்று அறையின் தரையில், கூடாரம் மாதிரி வளைவாக, வெள்ளையாக ஒரு மேடு. விளிம்பில் எங்கும் சிதறல் இல்லை.

"அப்படியே இருக்கு" என்றார். "ரத்தம் பழைய ரத்தம். வெளில வரவேண்டியதுதான், வந்திருக்கு. வாயைத் திறந்தேளோ, பொழைச்சேள்."

"தாடை கெட்டியான தாடை டாக்டரம்மா."

"தாடை இல்லை மாமா, உங்க பொண்ணு கெட்டி" என்றார்.

எலும்பு ஊறித் தேறுவதற்குள் மகள் கல்யாணம் நடந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் நான் இடது பக்கத்தாலேயே சாப்பிட்டேன். மழைக்காலம் முடிந்த பிறகு ஸ்க்ரூவும், அதன் பிறகு பல்லும் வந்தன. கத்திப் பார்த்தேன், எகிறவில்லை.

பல் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலிக்குப் போனோம். அத்தை வாசலில் வந்து அழைத்துப்போனார். தட்டு நிறைய முறுக்கு கொண்டு வந்து வைத்தார், தாமே சுட்டது என்று. தேக்குக் கட்டை மாதிரி இருந்தது ஒவ்வொன்றும்.

"கடிச்சிருவீங்களா அண்ணாச்சி? இல்ல, ஒடச்சுத் தரட்டுமா?"

மகள் சமையலறை வாசலில் நின்று என் வலது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியதாக ஒன்றை எடுத்து, வலது பக்கக் கடைவாயில் வைத்துக் கடித்தேன். நொறுங்கியது முறுக்குதான். மகள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். இன்னொன்று எடுத்தேன். அதற்கப்புறம் இன்னொன்று. முறுக்கு நன்றாகத்தான் இருந்தது. மிளகாய்ப் பொடி மட்டும் பழையது. அதை நான் சொல்லவில்லை. மகள் அங்கே வாழ வேண்டும்.